கம்பவுண்டருக்கு எதற்குப் போர்ப் பதக்கம்?

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் மகன் இங்கிலாந்தில், போர்ட்ஸ்மவுத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே கம்பியில் கோத்த நான்கு பதக்கங்களை வாங்கி, "அப்பா, உங்க தொழில்காரர் ஒருத்தரோடது" என்று போட்டோ அனுப்பினான். முதலாவது வெள்ளி, ஸ்ஃபிங்ஸ் உருவம், மேலே 'அலெக்ஸாண்ட்ரியா ஜூலை 11' என்று ஒரு பட்டை. இரண்டாவது ஐந்து முனை நட்சத்திரம், பெயர் எதுவும் இல்லை. மூன்றாவதில் 'பெனின் 1897'. நான்காவதில் பாய்மரக் கப்பல். விளிம்பில் ஒரே ஆளின் பெயர்தான். ஆனால் முதலாவதில் சிக் பெர்த் அட்டெண்டன்ட், 'அலெக்ஸாண்ட்ரா' கப்பல். மூன்றாவதில் சிக் பெர்த் ஸ்டூவர்ட், 'செயின்ட் ஜார்ஜ்' கப்பல். நான்காவதில் ஹாஸ்லர் ஆஸ்பத்திரி. ஒரே குழப்பம். இவர் டாக்டரா? மருந்து கொடுக்கிறவருக்குப் போர்ப் பதக்கம் எப்படி? அசல்தானா? புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருமா? விலை என்ன போகும்? மகன் இவற்றை ஊருக்கு எடுத்து வருவதாகச் சொல்கிறான்.

பதில்: ஐயா, உங்கள் மகன் சொன்னது சரி. இவர் டாக்டர் இல்லை, உங்கள் தொழில்காரர்தான். டாக்டராக இருந்தால் விளிம்பில் 'சர்ஜன்' என்று இருக்கும். பிரிட்டிஷ் கடற்படையில் சர்ஜன் அதிகாரி. சிக் பெர்த் என்றால் கப்பலில் நோயாளிகளைப் படுக்கவைக்கும் இடம். அங்கே அட்டெண்டன்டும் ஸ்டூவர்டும் அவருக்குக் கீழே இருந்த சிப்பந்திகள். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது, எழுந்திருக்க முடியாதவனுக்குக் கஞ்சி ஊட்டுவது, கை கால் வெட்டி எடுக்கும்போது பிடித்துக்கொள்வது, கணக்கு எழுதுவது எல்லாம் இவர்கள் வேலை.

கஞ்சி என்று சும்மா சொல்லவில்லை. பழைய நாட்களில் கப்பலில் இந்த வேலை பார்த்தவனுக்கு 'லாப்லாலி பாய்' என்று பெயர். லாப்லாலி என்றால் நோயாளிக்கு ஊட்டுகிற கெட்டியான கஞ்சி. ஆக, நம் பேச்சில் 'கஞ்சிப் பையன்'. 1833-ல்தான் அந்த வேலைக்கு சிக் பெர்த் அட்டெண்டன்ட் என்று கௌரவமான பெயர் வந்தது. பெயர் மாறியதே தவிர மாலுமிகளின் கேலி நிற்கவில்லை. 'பற்றுப் போடுகிறவன்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் பின்னாளிலும் வெகுகாலம் ஓடியது. உங்களுக்கும் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள்.

சரி, பதக்கத்துக்கு வருவோம். பதக்கம் என்றாலே வீரத்துக்குக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். படையெடுப்புப் பதக்கம் அப்படியல்ல. அது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி: வந்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. பீரங்கி சுட்டவனுக்கும், நிலக்கரி அள்ளியவனுக்கும், சமையல்காரனுக்கும், சிக் பெர்த் ஆளுக்கும் ஒரே வெள்ளி, ஒரே ரிப்பன். ஆகவே முதல் மூன்றையும் வைத்து அவர் எங்கே நின்றார் என்று சொல்லலாம், என்ன செய்தார் என்று சொல்ல முடியாது. வீரத்துக்கென்று விக்டோரியா கிராஸ் போன்றவை தனியாக இருந்தன. இதே அலெக்ஸாண்ட்ரா கப்பலில் அதே நாளில் அதை ஒருவர் வாங்கினார். கன்னர் இஸ்ரேல் ஹார்டிங். கப்பலுக்குள் வந்து விழுந்த பத்து அங்குலக் குண்டின் திரி எரிந்துகொண்டிருந்தபோதே அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டவர். எகிப்துப் பதக்கத்தைப் பொறுத்தவரை அவருக்கும் உங்கள் அட்டெண்டன்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

அந்த நாள் 1882 ஜூலை 11. எகிப்தில் உராபி பாஷாவின் கிளர்ச்சியை அடக்க வந்த பிரிட்டிஷ் கப்பல்கள், அட்மிரல் பீச்சம் சீமோர் தலைமையில், காலை ஏழு மணிக்கு அலெக்ஸாண்ட்ரியாக் கோட்டைகளைச் சுட ஆரம்பித்து மாலை வரை சுட்டன. எட்டு இரும்புக் கவசக் கப்பல்கள், கூடவே சிறு பீரங்கிப் படகுகள். பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயப்பட்டவர் எல்லாம் சேர்த்து முப்பது சொச்சம் பேர்தான். எகிப்தியர் பக்கம் பலமடங்கு. நகரம் எரிந்தது. பதக்கத்தின் ஸ்ஃபிங்ஸ் இதையெல்லாம் சொல்லாது. சண்டை நேரத்தில் சிக் பெர்த் ஆள் மேல்தளத்தில் நிற்கமாட்டார். குண்டு எட்டாத கீழ்த்தளத்தில், விளக்கு வெளிச்சத்தில், மேஜையும் கருவியும் சுடுதண்ணீரும் தயாராக வைத்துக்கொண்டு, மேலே என்ன நடக்கிறது என்று சத்தத்தை வைத்தே ஊகித்துக்கொண்டிருப்பார். அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்த கப்பலில் இந்த வேலைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. உங்கள் மகன் வாங்கிய பதக்கம் அந்தச் சிலரில் ஒருவருடையது என்பதால்தான் எனக்கும் ஆர்வம்.

இப்போது நட்சத்திரம். அது பிரிட்டிஷ் அரசு கொடுத்ததே அல்ல. எகிப்தின் கெதிவ், அதாவது ஆட்சியாளர், தௌஃபீக் கொடுத்தது. வெண்கலம், பின்பக்கம் அவருடைய முத்திரை எழுத்து, ரிப்பன் வெறும் கருநீலம். பெயர் பொறிக்காமலேயே வழங்கினார்கள். அதனால் பெயர் இல்லையே என்று சந்தேகப்படாதீர்கள். சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் இல்லாத நட்சத்திரம் சந்தையில் தனியாகவே கிடைக்கும். எவரும் எந்தப் பதக்கத்தோடும் கோத்துவிடலாம்.

இது இவருடையதுதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ஸ்ஃபிங்ஸ் பதக்கத்தைக் கையில் எடுத்து, ஜன்னலோரம் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடிக்கச் சொல்லுங்கள். நட்சத்திரத்தின் பக்கமாக இருக்கும் பாதியில் சின்னச் சின்னக் குழிகள், ஊசியால் குத்தியது போலத் தெரிகிறதா? நெஞ்சில் இரண்டையும் அருகருகே மாட்டி நடக்கும்போது நட்சத்திரத்தின் முனைகள் வெள்ளியில் இடித்து இடித்து உண்டான குழிகள் அவை. வருடக்கணக்கில் ஒன்றாகத் தொங்கினால்தான் அப்படி விழும். ஏலக்காரர்கள் குறை என்று எழுதுவார்கள். எனக்கு அது கூட இருந்த சாட்சி. வெள்ளியில் உள்ள விக்டோரியா ராணி முகம் வழவழவென்று கண்ணாடி போல இருந்து, பக்கத்தில் நட்சத்திரம் மட்டும் தேய்ந்து போயிருந்தால், அந்த ஜோடியை நேற்றுத்தான் யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதனால்தான் புளி வேண்டாம் என்கிறேன். விபூதியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி போடுங்கள், தப்பில்லை. இங்கே தேய்த்தால் குழிகளின் ஓரம் மழுங்கும், விளிம்பு எழுத்து தேயும், நட்சத்திரத்தின் பழுப்பு போய்ப் புதுச் செம்பு மாதிரி இளிக்கும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். ரிப்பன் நைந்திருந்தாலும் அதையே வைத்திருங்கள்.

அடுத்து விளிம்பு. வாங்கும்போது எல்லோரும் ராணி முகத்தைப் பார்க்கிறார்கள். நான் கடைசியில்தான் அதைப் பார்ப்பேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் நானே ஏமாந்திருக்கிறேன். சாதாரண ஸ்டோக்கருடைய (நிலக்கரி அள்ளுகிறவருடைய) பதக்கத்தில் பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, கிராக்கியுள்ள ஒரு பெயரைப் பொறித்திருந்தார்கள். பெயரைத்தான் படித்தேன், அளவைப் பார்க்கவில்லை. இப்போது கேலிப்பர் இல்லாமல் கிளம்புவதில்லை. இந்தக் காலத்து வெள்ளிப் பதக்கங்கள் பெரும்பாலும் 36 மில்லிமீட்டர் குறுக்களவு. பல இடங்களில் அளந்து பாருங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் மயிரிழை குறைந்தால் கை வைத்திருக்கிறார்கள். தொங்கும் கொக்கியைப் பிடித்திருக்கும் நகமும் ஆணியும் புதிதாக மினுங்கினாலும் சந்தேகம்தான். இன்னொன்று: 1882 சண்டைக்கு வந்த எகிப்துப் பதக்கத்தில் ஸ்ஃபிங்ஸுக்குக் கீழே 1882 என்ற வருடம் இருக்கும். பிற்காலச் சண்டைகளுக்குக் கொடுத்ததில் அந்த இடம் காலி. அலெக்ஸாண்ட்ரியாப் பட்டையோடு வருடமில்லாப் பதக்கம் வந்தால் பட்டையை வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் வருடம் இருக்கும் இடத்தில் உங்கள் மகனின் கட்டைவிரல் இருக்கிறது.

முதல் விளிம்பில் 'அட்டெண்டன்ட்', மூன்றாவதில் 'ஸ்டூவர்ட்' என்று இருப்பதைக் குழப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பமே இல்லை, அவருடைய முழு உத்தியோக வாழ்க்கையும் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கிறது. 1882-ல் இவர் வேலைக்கு முறையான பயிற்சி என்று ஒன்று கிடையாது. கடற்படை ஆஸ்பத்திரிகளிலேயே நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பென்ஷன் வாங்கிய பழைய மாலுமிகள்தான். அலெக்ஸாண்ட்ரியாவுக்கு மறுவருடம் அட்மிரல் ஆண்டனி ஹாஸ்கின்ஸ் தலைமையில் ஒரு குழு போட்டு இதை ஆராய்ந்தார்கள். அதன் விளைவாக 1884 முதல் சிக் பெர்த் ஊழியர் என்று தனிப் பிரிவு, ஹாஸ்லரில் பயிற்சி, படிப்படியாகப் பதவி உயர்வு எல்லாம் வந்தன. ஹாஸ்லருக்கும் பிளிமத்துக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் அதே சமயத்தில்தான் வந்தார்கள். பிறகு கையில் சிவப்புச் சிலுவைச் சின்னமும் வந்தது. உங்கள் ஆள் பழைய முறையில் நுழைந்து, புதிய முறையில் மேலே வந்திருக்கிறார். கம்பவுண்டராகச் சேர்ந்தவர்கள் ஃபார்மசிஸ்ட் ஆனதை நீங்களே பார்த்திருப்பீர்களே, அது மாதிரி.

நான்காவது பதக்கத்தில் உள்ள ஹாஸ்லர், உங்கள் மகன் இருக்கும் போர்ட்ஸ்மவுத்துக்கு எதிர்க்கரையில், காஸ்போர்ட்டில் இருக்கிறது. 1753-ல் முதல் நோயாளிகளைச் சேர்த்த ஆஸ்பத்திரி, 2009-ல் மூடிவிட்டார்கள். ஒரு ஞாயிறு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்தப் பதக்கம் நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் உரியது. கருநீல ரிப்பன், இரண்டு ஓரமும் வெள்ளை. இவர் காலத்தில் கறையில்லாத பதினைந்து வருடச் சேவைக்குக் கொடுத்தார்கள். கோத்த நான்கிலும் இதுதான் மிகச் சாதாரணமானது என்று வியாபாரி சொல்லியிருப்பார். எனக்கென்னவோ, இது ஒன்றுதான் இவர் சொந்தமாகச் சம்பாதித்தது என்று படுகிறது. மற்ற மூன்றும் கப்பல் போன இடத்துக்குக் கூடப் போனதால் வந்தவை.

பெனினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைய நைஜீரியாவில் இருந்த அரசு அது. 1897 ஜனவரியில் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிலிப்ஸும் கூடப் போனவர்களும் கொல்லப்பட்டதைக் காரணமாக வைத்து, அட்மிரல் ஹாரி ராசன் படை திரட்டினார். அவர் இருந்த தலைமைக் கப்பல்தான் செயின்ட் ஜார்ஜ். பிப்ரவரி 18-ல் தலைநகரைப் பிடித்தார்கள், அரண்மனையைச் சூறையாடினார்கள், சில நாளில் ஊர் தீப்பற்றி எரிந்தது. உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் பெனின் வெண்கலச் சிற்பங்கள் அங்கிருந்து தூக்கி வந்தவை. திருப்பிக் கொடுப்பது பற்றி இன்றும் பேச்சு நடக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் வைக்கும்போது இதுவும் தெரிந்தே வையுங்கள். மஞ்சள் ரிப்பனும் கறுப்புக் கோடும் பார்க்க அழகு. பின்பக்கம் காட்டுக்குள் ஆப்பிரிக்கர்களைச் சுடும் காட்சி.

சிக் பெர்த் ஆளுக்கு அங்கே முதல் எதிரி காய்ச்சல். பெரிய கப்பல்கள் கடலிலேயே நின்றுவிட, ஆட்கள் சிற்றோடைகள் வழியாகப் போய்க் காட்டுப் பாதையில் நடந்தார்கள். குடிதண்ணீரைக்கூடச் சுமந்து போக வேண்டியிருந்தது. 'மலாக்கா' என்ற பயணிகள் கப்பலை அவசரமாக ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கரையில் இறங்கிய சர்ஜன்களில் ஃபைஃப் என்பவர் கொல்லப்பட்டார். திரும்பிய பிறகும் கப்பல்களில் மலேரியா வந்து படுத்தவர்கள் ஏராளம். நீங்கள் மருந்து கொடுத்தவர், யோசித்துப் பாருங்கள்: இவர் கையில் குவினைன் இருந்தது, ஆனால் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்பது அப்போது யாருக்கும் நிரூபணமாகவில்லை. ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கொசு வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டது அதே 1897-ல், ஆகஸ்ட் 20-ல். பெனினுக்கு ஆறு மாதம் கழித்து.

ஆனால் இவர் அந்தக் காட்டுக்குள் நடந்தாரா, கப்பலிலேயே இருந்தாரா என்பதைப் பட்டை சொல்லாது. இரண்டு பேருக்கும் ஒரே பட்டைதான்.

சிக் பெர்த் ஸ்டூவர்ட் ஒருவர் உண்மையிலேயே பெயர் எடுத்த கதை வேண்டுமென்றால் 1900-ல் சீனாவின் பீக்கிங்குக்குப் போக வேண்டும். வெளிநாட்டுத் தூதரகங்கள் 55 நாள் முற்றுகையில் சிக்கியபோது, பிரிட்டிஷ் தூதரகத்தில் மரீன் காவலர்களோடு கடற்படைக்காரர்கள் மூன்றே பேர் இருந்தார்கள். மூன்று பேரும் 'ஒர்லாண்டோ' கப்பல். ஒருவர் கொடி சமிக்ஞை காட்டுபவர், ஒருவர் துப்பாக்கி பழுது பார்ப்பவர், மூன்றாவது ஆள் ஃபுல்லர் என்ற சிக் பெர்த் ஸ்டூவர்ட். தூதரக டாக்டர் பூலும் ஜெர்மன் டாக்டர் வெல்டேயும் நடத்திய ஆஸ்பத்திரியில் அவர்தான் கைகொடுத்தார். 'டிஃபென்ஸ் ஆஃப் லெகேஷன்ஸ்' என்ற பட்டையோடு அப்படி ஒரு பதக்கம் எந்தச் சந்தையிலாவது உங்கள் மகன் கண்ணில் பட்டால், அன்று ராத்திரியே எனக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

சரி, இவர் வாழ்க்கையைத் தேடுவது எப்படி? லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏடிஎம் (ADM) 188 என்ற வரிசையில் மாலுமிகளின் பணிப் பதிவேடுகள் இருக்கின்றன. இணையத்தில் பெயர் கொடுத்துத் தேடினால் பக்கத்தின் நகல் கிடைக்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்; இரண்டு கப்பலும் ஹாஸ்லரும் சேர்ந்து வருகிற பக்கம்தான் உங்களுடையது. பிறந்த தேதி, ஊர், சேரும் முன் பார்த்த தொழில், உயரம், கண் நிறம், பச்சை குத்தியிருந்தால் அதுவும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கப்பலிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பதவி, நடத்தை எப்படி என்பதும் வரிசையாக வரும். 3, 8, 13 வருடங்களில் கிடைக்கும், சட்டைக் கையில் தைக்கும் நன்னடத்தைப் பட்டைகளும் அதில் தெரியும். பதக்கம் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு ஏடிஎம் 171, கப்பல் வாரியாக. பெயருக்கு நேரே 'ரன்' என்று இருந்தால் ஓடிப்போனவர், பதக்கம் கிடையாது. பதிவேட்டில் அலெக்ஸாண்ட்ரா வரி 1882 ஜூலையைத் தொடாமல் இருந்தாலோ, பதக்கப் பட்டியலில் இவர் பெயர் இல்லாமல் இருந்தாலோ, விளிம்பில் எவ்வளவு அழகாகப் பொறித்திருந்தாலும் நான் நம்பமாட்டேன். 1881, 1891, 1901 மக்கள்தொகைக் கணக்குகளும் பாருங்கள், குடும்பம் கிடைக்கலாம்.

விலை சொல்லமாட்டேன், மன்னிக்கவும். போட்டோ பார்த்து விலை சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போல. இதை மட்டும் சொல்கிறேன்: கப்பலுக்கு ஒன்றிரண்டு பேரே இருந்த பதவி என்பதால், பட்டியலில் பெயர் உறுதியானால் சாதாரண மாலுமியின் பதக்கத்தை விட மதிப்பு கூடும். நான்கையும் பிரித்து விற்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, நீங்கள் கேட்கவில்லை. மகன் இவற்றை ஊருக்கு எடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய வரலாற்றுப் பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே அனுப்ப முடியாது. இங்கே வந்துவிட்டால் பிறகு லண்டன் ஏலத்தில் போடலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். விற்கிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அங்கேயே இருக்கட்டும். கொண்டுதான் வருவேன் என்றால், வாங்கிய ரசீதையும் படங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எகிப்துப் பதக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் ஆட்கள் 1882-ல் எகிப்தின் தெல்-எல்-கெபீர் சண்டையிலும், 1885-ல் சூடானின் சுவாகின் பக்கமும் இருந்தார்கள். உங்கள் சுற்றத்தில் யார் வீட்டிலாவது அதே ஸ்ஃபிங்ஸ், அதே நீலமும் வெள்ளையுமான ரிப்பன் பெட்டிக்குள் கிடந்தால் ஆச்சரியமில்லை. இருந்தால், அதற்கும் புளி போட விடாதீர்கள்.

விளிம்பைச் சுற்றி நான்கைந்து படம், கட்டைவிரல் இல்லாமல், ஸ்ஃபிங்ஸுக்குக் கீழே ஒரு படம், பதிவேட்டுப் பக்கம் கிடைத்தால் அதன் நகல் என்று அனுப்பி வையுங்கள். 1884-ஐ ஒட்டி ஹாஸ்லர் என்று ஒரு வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருந்தால், புதிய முறையில் பயிற்சிக்குப் போன முதல் சில அணிகளில் இவரும் ஒருவராக இருக்கலாம்.